நேரில் வந்த கார்

சாமியிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் கையில் இரண்டு வாழைப்பழமாவது இருக்கும். தெய்வசிகாமணி ஒரு கார்ச் சாவியோடு போய் நின்றார்.

தாராபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது அந்தச் சின்ன மடம். மடத்துச் சாமிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. தெய்வசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் வயதுக்காரரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குப் பெருமை உண்டு. தன் பணிவைப் பார்த்துத் தானே மெச்சிக்கொள்கிற பெருமை அது. தினமும் காலையில் வந்து கண்ணை மூடி உட்கார்ந்தால் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார். பந்தபாசமெல்லாம் அற்றுப்போயிற்று என்று யார் கேட்டாலும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

"சாமி, ஒரு சின்ன சந்தேகமுங்க."

"சின்னதுன்னா கேளுங்க."

"எங்கண்ணன் போன மாசம் போய்ச் சேந்துட்டாருங்களே, அவரு காரை எனக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இப்பத்தான் அவரு மக ஓட்டிட்டு வந்து, சாவியக் கையில குடுத்துட்டுப் போச்சு. எனக்கெதுக்குங்க காரு? வித்துப்போடலாமா, இல்லீன்னா மடத்துக்கே குடுத்துப்போடட்டுங்களா?"

"உங்களுக்கு எது தோதுங்க?"

"மடத்துக்குக் குடுத்துட்டா மனசு லேசாயிரும்னு தோணுதுங்க."

"அப்ப, பாரத்தைக் கொண்டாந்து எங்க தலைல எறக்கறீங்க." சாமி சிரித்துக்கொண்டே எழுந்தார். "வாங்க, காரைப் பாக்கலாம்."

கார் மடத்து வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. வானநீலத்தில் ஒரு சின்னக் கார். இரண்டு பக்கமும் கோடுகோடாகச் சுரண்டியிருந்தது. தெய்வசிகாமணி அதைத் தொடாமல், இரண்டடி தள்ளியே நின்றார்.

அண்ணன் நாச்சிமுத்துவோடு அவருக்குப் பேச்சு இல்லாமல் பல வருஷமாயிற்று. சண்டை என்று பார்த்தால் கடுகளவுதான். நாச்சிமுத்து தன் ஒரே மகள் செங்கமலத்தின் கல்யாணத்துக்குத் தம்பியை நேரில் வந்து அழைக்கவில்லை. கூடப்பிறந்தவன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வந்து, பத்திரிகை வைத்துக் கூப்பிடுவதுதான் முறை. அவர் பத்திரிகையை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறது, பஸ் ஏற முடியவில்லை என்று அந்த மனிதர் சொல்லத்தான் செய்தார்.

"கால்ல கட்டுன்னா வாயிலயுமா கட்டு? ஒரு போன் போடறதுக்கென்ன?" என்று கேட்ட தெய்வசிகாமணி, பத்திரிகையைப் பிரிக்காமலே பரணில் போட்டார். பெண்ணுக்குச் சித்தப்பா நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்காமலே அந்தக் கல்யாணம் நடந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நாச்சிமுத்து அன்று ஊர் வாய்க்கு அஞ்சித் தலைகுனிந்து நின்றார்.

அப்புறம்தான் இந்தக் கார் வந்தது. தம்பி வீட்டுக்குப் போனால், 'அவரு மடத்துக்குப் போயிருக்காருங்க' என்பார்கள். ஆகவே நாச்சிமுத்து நேராக மடத்துக்கே வர ஆரம்பித்தார். தியான வேளையில் மடத்துக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் அந்த வழக்கத்தை மதித்து, வாசலில் நின்று ஒரே ஒரு தரம் ஹாரன் அடிப்பார். உள்ளே தெய்வசிகாமணி, 'பவுசு காட்ட வர்றான்' என்று நினைத்துக் கண்ணை இன்னும் இறுக்கி மூடுவார். அந்த நாட்களில் அவருக்குத் தியானம் நன்றாகவே கைகூடியது.

சாமி முன்பக்கத்து இடது கதவைத் திறந்தார். சீட்டின் மேல் கம்பெனியில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"பாருங்க சாமி, எங்கண்ணன் கருமித்தனத்தை" என்றார் தெய்வசிகாமணி. "சீட்டு அழுக்காயிருமாம். செத்ததுக்கப்புறமும் புதுசாவே இருக்குது."

"மத்த சீட்டையும் பாருங்க."

பார்த்தார். ஓட்டுகிறவர் சீட்டிலும் பின் சீட்டிலும் உறை இல்லை. துணி நைந்து நிறம் வெளுத்திருந்தது.

"ஒரு நாள் நான் டவுனுக்குப் போக இந்த வண்டில ஏறினேன்" என்றார் சாமி. "முன்னால உக்காரப் போனேன். 'கோவிச்சுக்காதீங்க சாமி, பின்னால உக்காந்துக்குங்க, அதுல தம்பி மொதல்ல உக்காரோணும்'னாரு."

சாமி அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வந்தா எவ்வளவு நேரமுங்க இருப்பாரு?" தெய்வசிகாமணியின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க எந்திரிக்கற நேரம் வரைக்கும் இருப்பாரு. நீங்க எந்திரிக்கற சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்துட்டுப் போயிருவாரு."

"ஏனுங்க அப்படி?"

"'நான் காத்திருந்தேன்னு சொல்லிப்போடாதீங்க சாமி, அவன் சங்கடப்படுவான்'னு சொல்லுவாரு."

தெய்வசிகாமணி காரின் கூரையில் கை வைத்தார். வெயிலில் வந்த தகடு இன்னும் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்களே சாமி."

"ஒரு நாள் நான் உள்ள வந்து உங்க தோளைத் தொட்டேன். வாசல்ல அண்ணன் நிக்கறாருன்னு காதுல சொன்னேன்."

"ஆமாங்க." சொல்வதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. "நான் தியானத்துல இருக்கேன்னு சொன்னனுங்க."

"நானும் சரின்னு திரும்பிட்டேன். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கோணும். அது என் தப்பு."

குரு தன் தப்பைச் சொல்லிவிட்டார். சீடருக்குத் தன் தப்பை எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணன் சாவுக்குப் போயிருந்தார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். அண்ணன் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்துவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாரோ முணுமுணுத்தது முதுகில் கேட்டது. அதைச் சொன்னவர் மேல் இத்தனை நாளும் கோபமாக இருந்தார். இன்றைக்குத்தான் அந்தக் கோபம் போயிற்று.

சாமி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில், கூரை பெயர்ந்த பஸ் நிறுத்தத்தில், சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"அந்தப் புள்ள யாருங்க?"

"அதுதானுங்க செங்கமலம். அண்ணன் மக."

"போயிருச்சுன்னு சொன்னீங்க?"

"பஸ்ஸு வரோணுமுங்களே. மத்தியானத்து பஸ்ஸுக்கு நிக்குது."

"சாப்பிட்டுதுங்களா?"

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார்.

"தண்ணி?"

"கேக்கலீங்க சாமி."

"ஏனுங்க?"

"'அப்பா உங்களுக்குன்னு சொல்லிட்டாங்க சித்தப்பா'ன்னு சாவிய நீட்டுச்சு. வாங்கிட்டேன். 'வாரேனுங்க'ன்னுச்சு. தலையாட்டிட்டேன். அதுக்கு மேல வாய் வரலீங்க. அப்படியே அண்ணன் ஜாடைங்க அது. மொகத்தைப் பாக்க முடியல."

"இப்பவும் நின்னுட்டுத்தானே இருக்குது?"

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். ரோட்டைப் பார்த்து நாலு எட்டு வேகமாக வைத்தார். மடத்தில் இன்று சாப்பாடு என்ன என்று நினைத்தார். ரசம் இருக்கும், கீரை இருக்கும். இல்லை, வீட்டுக்கே கூட்டிப் போய்விட வேண்டும், இலை போட்டு உட்கார வைக்க வேண்டும். பிறகு அவள் கேட்பாளே, கார் பிடித்திருக்கிறதா, என்ன செய்யப் போகிறீர்கள் சித்தப்பா என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது? நின்றார். அத்தனை வருஷத்துப் பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது. காருக்குத் திரும்பி வந்தார்.

"காரை என்ன பண்றதுன்னு மட்டும் சாமி ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, போய் அதுகிட்டத் தெளிவாச் சொல்லிப்போடுவேனுங்க."

சாமி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பஸ் சத்தம் கேட்டது.

தெய்வசிகாமணி ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வேட்டி தடுக்கியது, ஒரு செருப்பு வழியில் கழன்றது. "கண்ணு! செங்கமலம்! நில்லு கண்ணு!" என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. பஸ் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. அவள் படியேறி, மடத்துப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். வாசலைத்தான் பார்த்தாள். நடுவழியில் புழுதிக்குள் ஓடி வருகிறவரைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

அவர் கழன்ற செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. சாமி பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போயிருச்சுங்க சாமி."

"பாத்தேன்."

"பசியோட போகுதுங்க. என்னைத் தேடி வந்த புள்ள, பசியோட போகுது."

"அடுத்த பஸ் எப்பங்க?"

"பொழுது சாய்ஞ்சாத்தானுங்க."

"கார் நிக்குதுங்களே."

தெய்வசிகாமணி கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ஓடியபோது இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் தடம் பதிந்திருந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே சாமி. இந்த வயசுக்கு மேல எங்கீங்க..."

"உங்க அண்ணனுக்கும் தெரியாதுங்க" என்றார் சாமி. "இங்க வர்றதுக்குத்தான் கத்துக்கிட்டாரு."