சேந்தன் கிள்ளி எறிந்த சுரைப்பூக்கள்

ஆற்றுக்குப் பாலம் என்ற ஒன்றை யாரும் கனவில்கூடக் காணாத காலம். கேட்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் சத்தம் போட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

அந்த ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் ஒரே ஒரு குடும்பம். சேந்தன் என்பவனும் அவன் மனைவி கொற்றியும் அங்கே சுரைக்கொடி போட்டார்கள். முற்றிய சுரைக்காயைப் பறித்து, குலுக்கினால் விதை கலகலக்கும் வரை காயப்போடுவார்கள். அந்தக் காய்ந்த சுரைக்குடுக்கையை மார்போடு கட்டிக்கொண்டால் நீந்தத் தெரியாதவனும் அக்கரை போய்ச் சேரலாம். ஆண்டுதோறும் ஆடி வெள்ளத்துக்கு முன்னால் நூறு குடுக்கை அரசனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆற்றைக் கடக்கும் துறையும் திட்டும் அவர்களுடையவை. கொடுக்காவிட்டால் திட்டை விட்டு இறங்க வேண்டியதுதான்.

சேந்தன் கெட்டவன் இல்லை. சும்மா இருப்பதைக் கண்டால் அவனுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

முதலில், கன்று போடாத பசுவை விற்றான். அடுத்து, கொற்றியின் தம்பி உதிரனைத் துரத்தினான். உதிரன் அந்தி சாய்ந்தால் கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வான். களை பிடுங்க மாட்டான், நீர் இறைக்க மாட்டான். பார்த்துக்கொண்டே இருப்பான்.

"தின்னுட்டு வேடிக்கை பாக்க இது சத்திரம் இல்லை, மாப்பிள்ளே" என்றான் சேந்தன்.

உதிரன் அக்கரைக்குப் போய் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். கொற்றி இரண்டு நாள் கணவனோடு பேசவில்லை. அவளுக்கு வருத்தமாக இருந்தது.

மூன்றாவதாகச் சேந்தனின் கண் பூக்கள் மேல் விழுந்தது. தை மாதம். கொடி முழுக்க வெள்ளைப் பூ. சில பூக்களுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு பிஞ்சு இருந்தது. மற்றவை நீளக் காம்பில் வெறும் பூவாக நின்றன. கொடியின் சாற்றைக் குடித்துவிட்டுக் காய்க்காமல் நிற்கின்றனவே என்று சேந்தனுக்கு எரிச்சல் வந்தது. வெறும் பூவை எல்லாம் கிள்ளி ஆற்றில் எறிந்தான். மறுநாளும் எறிந்தான். ஒன்று விடாமல் எறிந்தான்.

பிஞ்சுகள் மஞ்சளித்தன. வாடின. உதிர்ந்தன.

சேந்தன் எரு போட்டான், உதிர்ந்தன. இரட்டிப்பாக நீர் விட்டான், உதிர்ந்தன. கண்ணேறு என்று நினைத்து வைக்கோல் பொம்மை நட்டான். பொம்மையின் காலடியிலேயே உதிர்ந்தன. மாசி பிறந்தும் ஒரு காய் இல்லை. திட்டை விட்டால் போக அவனுக்கு வேறு இடமில்லை.

நல்ல விதை கேட்டு வரலாம் என்று பழைய குடுக்கையைக் கட்டிக்கொண்டு அக்கரைக்கு நீந்தினான். கரையேறியதும் முதலில் கண்ணில் பட்டது உதிரனின் குடிசை. கூரை மேல் ஒரே ஒரு சுரைக்கொடி. காய்கள் கனத்துக் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சேந்தன் கொடியை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "என்னடா போட்டே இதுக்கு?" என்றான்.

"ஒண்ணும் போடலை, அத்தான்."

"விதை எது?"

"உங்க தோட்டத்து விதைதான். அக்கா கொடுத்தது." உதிரன் அவன் முகத்தைப் பார்த்தான். "வெறும் பூவைக் கிள்ளிட்டீங்களா?"

சேந்தன் தலையசைத்தான்.

"அந்தியில சாம்பல் நிறத்துல பூச்சி வரும். வெறும் பூவுல முதல்ல உக்காரும். மூக்குல பொடி ஒட்டிக்கும். அதோட பிஞ்சுப் பூவுக்குப் போகும். அந்தப் பொடி பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். படலைன்னா உதிரும். தினம் பாத்திருக்கேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே, அத்தான். போன்னுதானே சொன்னீங்க."

சேந்தனுக்கு வெட்கமாக இருந்தது. "தப்பு என் மேலதான். வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். உதிரன் பிகு பண்ணிக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து நீந்தினார்கள்.

அதன்பின் சேந்தன் எந்தப் பூவையும் தொடவில்லை. அந்தியில் பூச்சிகள் வந்தன. பூச்சி போகாத மூலைக்கு உதிரனே வெறும் பூவை எடுத்துப் போய்ப் பிஞ்சுப் பூவில் தடவினான். பிஞ்சு நின்றது. காயானது. சித்திரையில் முற்றியது. வைகாசி, ஆனி வெயிலில் காய்ந்தது.

ஆடி முதல் நாள் அரசனின் அதிகாரி படகில் வந்தார். ஒவ்வொரு குடுக்கையையும் மூன்று முறை நீரில் அழுத்தினார். மூன்று முறையும் மேலே வந்தது. நூறும் தேறின.

ஓலையில் துறைக்காரர் பெயரை எழுத எழுத்தாணியை எடுத்தார். சேந்தன் தன் பெயரைச் சொன்னான், கொற்றியின் பெயரைச் சொன்னான், உதிரன் பெயரையும் எழுதச் சொன்னான்.

அதிகாரி கரையைப் பார்த்தார். உதிரன் ஒரு கொடியின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"இவனுக்கு இங்கே என்ன வேலை?"

"பாக்குறதுதான் வேலைங்க" என்றான் சேந்தன். "பாத்துக்கிட்டிருந்தவனைத் துரத்தினதாலதான் இந்த வருஷம் துறையே கைவிட்டுப் போகப் பாத்துச்சு."

அதிகாரி சிரித்துவிட்டு எழுதினார்.

கதை இவ்வளவுதான், எழுந்து போகும்போது நீதியையும் எடுத்துப் போங்கள்: ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்டறியாமல் அதை வீண் என்று கிள்ளி எறியக் கூடாது.