கோல் வலைக்குப் பின்னால்

"இனிமே நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டார் ததேயுஸ் ஆசான்.

கேட்டவர் குரு. கேட்கப்பட்டவன் சீடன். கதைகளில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். வள்ளத்துறையில் இப்படித்தான் நடந்தது.

சீடன் பெயர் கிளீட்டஸ், வயது நாற்பத்தொன்று. புனித அந்திரேயா காற்பந்துக் கழகத்தின் புதிய பயிற்சியாளர். பொறுப்பேற்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதற்கு முன் இருபத்தேழு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர்தான் கேள்வியைக் கேட்டவர்.

*

ஆசானை யாரும் விரட்டவில்லை.

ஐந்து வருடமாக ஒவ்வொரு மே மாதமும் அவரே கமிட்டியிடம் போய், போதும், விலகிக்கொள்கிறேன் என்பார். நீங்கள் இல்லாமல் எப்படி என்று கமிட்டி பதறும். அவர் திருப்தியாக வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடுவார்.

ஆறாவது மே மாதம் கமிட்டி சரி என்றது.

பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பங்குத்தந்தை பேசினார், தலைவர் பேசினார், கடைசியில் ஆசானும் பேசினார். இனி எல்லாம் கிளீட்டஸ் என்றார். கை தட்டினார்கள். அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்கள்.

*

முதல் ஆட்டத்தில் ஆசான் பந்தலில் பார்வையாளர்களோடு உட்கார்ந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். இருபதாவது நிமிடத்தில், வலது தடுப்பாட்டக்காரன் அஜினைப் பார்த்து, "கேறுலே" என்று கத்தினார். முன்னே ஏறிப் போ என்று அர்த்தம்.

அதே நேரத்தில் கோட்டோரம் நின்ற கிளீட்டஸ், "நில்லு" என்று கத்தினான்.

அஜின் இரண்டடி ஏறினான். பிறகு நின்றான். இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதிதான். அவன் விட்ட இடத்தின் வழியாக எதிரணி ஆள் ஓடிப்போய் கோல் போட்டான். அந்த ஒரு கோலில் ஆட்டம் போயிற்று.

ஏறச் சொன்னது சரி. நிற்கச் சொன்னதும் சரி. அஜின் இரண்டில் எதையாவது ஒன்றைச் செய்திருந்தால் கோல் விழுந்திருக்காது.

*

இரண்டாவது ஆட்டத்தில் ஆசான் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் லேசாக அசைத்தார்.

பதினோரு பேரும் பந்தை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்கள். பழக்கம் யாரை விட்டது. அந்த ஆட்டமும் தோல்வி.

மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் போகவில்லை.

வீட்டிலிருந்து மைதானம் கூப்பிடு தூரம். கூட்டத்தின் சத்தம் கேட்டது, ஆட்டம் தெரியவில்லை. அது பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. சத்தத்தை வைத்தே யார் எங்கே கோட்டை விட்டான் என்று சுவர்க் கடிகாரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஆட்டம் சமன். தான் இல்லாதபோது தோற்கவில்லை என்று கேட்டு அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஆகவே வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, கிளீட்டஸிடம் வந்தார்.

"பந்தல்ல உக்காந்தா வாய் சும்மா இருக்க மாட்டேங்கு. வீட்டுல இருந்தா மனசு இருக்க மாட்டேங்கு. நீயே சொல்லு மக்கா. நான் எங்க நிக்கணும்?"

கிளீட்டஸ் பந்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதை மறுபடி அவிழ்த்தான். உள்ளேயிருந்து கையில்லாத மஞ்சள் பனியன் ஒன்றை எடுத்தான். அதில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். நாலாக மடித்தான். ஆசான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வைத்தான்.

பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

*

அந்தப் பனியன் என்னவென்று வள்ளத்துறையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மைதானத்தின் வடக்கு கோலுக்குப் பின்னால், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். பந்து அங்கே போனால் கல் இடுக்கில் இறங்கித் தேட வேண்டும். அந்தக் காலத்தில் கழகத்திடம் இருந்தது ஒரே பந்து. ஆகவே ஆசான் ஒரு சட்டம் போட்டார்.

ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுக்கப்பட்டவன் உட்காரக் கூடாது. மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு வலைக்குப் பின்னால் போக வேண்டும். பந்து வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து களத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பிறகு பந்து இரண்டானது. சட்டம் அப்படியே இருந்தது.

பதினாறு வருடம் முன்பு ஒரு இறுதி ஆட்டத்தில், இரண்டு கோல் போட்டிருந்த கிளீட்டஸை ஆசான் அறுபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தார். இன்னும் ஒன்று போட்டால் அது அவனுடைய முதல் மூன்று கோல் ஆட்டம். ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன எதுக்கு ஆசானே எடுத்தீங்க?" என்றான். கொடுத்த மஞ்சள் பனியனைத் தரையில் வீசினான்.

ஆசான் குனிந்தார். பனியனை எடுத்தார். மணலைத் தட்டினார். நாலாக மடித்து அவன் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். பிறகு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஏழு நிமிடம் கழித்து கிளீட்டஸ் அதைப் போட்டுக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தான். அழுதுகொண்டே மூன்று பந்து எடுத்துக் கொடுத்தான். எதற்கு எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை அவனுக்குப் பதில் வரவில்லை.

*

வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆசானுக்கு அதெல்லாம் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

பதினைந்து வயதில் காலில் செருப்பில்லாமல் வந்தவன். பந்தைக் காலின் எந்தப் பக்கத்தால் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? அவன் இப்போது தன்னைப் பந்து பொறுக்கச் சொல்கிறான்.

பனியனைச் சுருட்டிப் பையில் திணித்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்க்க அவன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுந்தார்.

*

சனிக்கிழமை கழகச் செயலாளர் பெனடிக்ட் வீட்டுக்கு வந்தார். சாயா குடித்தார். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கும் தோத்தா கிளீட்டஸ் வேண்டாம்னு கமிட்டி முடிவு பண்ணிட்டுது ஆசானே. நீங்கதான் மறுபடி வரணும்."

அவன் புதியவன், அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார் ஆசான். பேசும்போது அவருக்கே நன்றாக இருந்தது.

பெனடிக்ட் போன பிறகு சாயந்தர ஜெபத்துக்கு உட்கார்ந்தார். அணி தோற்க வேண்டும் என்று வேண்டவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றும் வேண்டவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் வெற்றிக்காக வேண்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை. அறுபத்துமூன்று வயதில் தனக்கு இப்படி ஒரு புத்தியா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரியைச் சேர்க்காமலே சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்.

*

ஞாயிறு மத்தியானம் அவர் சட்டை மாற்றும்போது மனைவி லில்லி பார்த்தாள்.

"அந்த பனியன எதுக்குக் கொண்டு போறீங்க?"

"குடுத்துட்டு வரணும்."

"யாருக்கு?"

அவர் பனியனைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

*

இடைவேளையில் புனித அந்திரேயா ஒரு கோல் பின்தங்கியிருந்தது.

ஆசான் பந்தலின் முன்வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பனியன் பையில் இருந்தது. ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்தார்.

இரண்டாம் பாதியில் வடக்கு கோல் வள்ளத்துறையின் பக்கம் வந்தது. அறுபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு பந்து கற்களுக்குள் போயிற்று. இன்னொரு பந்தை வைத்து ஆடினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதுவும் அங்கேயே போயிற்று.

கிளீட்டஸ் அதுவரை யாரையும் வெளியே எடுத்திருக்கவில்லை. வலைக்குப் பின்னால் ஆள் இல்லை.

கோல் காக்கும் ஜோபின் தானே கற்களில் இறங்கித் தேடினான். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணிக்காரர்கள் ஆற அமரத் தண்ணீர் குடித்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும் போய்க்கொண்டிருந்தது.

ஆசான் எழுந்தார்.

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கோட்டோரத்தை நோக்கி நடப்பதைக் கண்டு பெனடிக்டின் முகம் மலர்ந்தது. கிளீட்டஸும் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. தான் நின்ற இடத்திலிருந்து ஓரடி பின்னால் தள்ளி, அவருக்கு இடம் விட்டான்.

இருபத்தேழு வருடம் அவர் நின்ற இடம் அது. அங்கே இன்னும் புல் முளைக்கவில்லை.

ஆசான் அந்த ஓரடியைப் பார்த்தார். அவர் பயிற்றுவித்த யாரும் எந்த ஆட்டத்திலும் இடத்தை இப்படிச் சும்மா விட்டுக்கொடுத்ததில்லை. கை தன்னால் பைக்குள் போயிற்று. பனியனை வெளியே எடுத்தார்.

எறியவில்லை. நடந்துகொண்டே தலைவழியாக மாட்டினார். வயிற்றில் இறுக்கியது. கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கிளீட்டஸைத் தாண்டி, மூலைக்கொடியைத் தாண்டி, வடக்கே போனார்.

ஜோபினை மேலே போகச் சொல்லிச் சைகை செய்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கற்களில் இறங்கினார். எந்த இடுக்கில் பந்து மாட்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டையும் எடுத்தார். ஒன்றை ஜோபினிடம் எறிந்தார்.

ஜோபின் பந்தைத் தரையில் வைத்தான். திரும்பி ஆசானின் முகத்தைப் பார்த்தான். எங்கே அடிக்கட்டும் என்ற பார்வை.

வலது பக்கம் திறந்து கிடந்தது. ஆசானுக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது.

அவர் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

நிமிர்ந்தபோது பந்து இடது பக்கம் போயிருந்தது. கிளீட்டஸ் கை காட்டியிருந்தான். அதில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பந்தும் இடது பக்கமே போனது, அதிலும் ஒன்றும் இல்லை. ஆசான் உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவதும் இடது. அங்கிருந்து உள்ளே வந்த பந்து ஒருவன் தலையில் பட்டு வலைக்குள் போயிற்று. ஒன்றுக்கு ஒன்று.

ஆசான் கை தட்டினார். தான் தட்டுவதை அதற்குப் பிறகுதான் கவனித்தார்.

*

எண்பதாவது நிமிடத்தில் கிளீட்டஸ் அஜினை வெளியே எடுத்தான்.

அஜின் இன்னொரு மஞ்சள் பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு வலைக்குப் பின்னால் வந்தான். மாட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. ஆசானைப் பார்த்ததும் ஆறுதல் கிடைத்தவன்போலப் பக்கத்தில் ஓடி வந்தான்.

"நீங்களே சொல்லுங்க ஆசானே. நான் நல்லாத்தானே ஆடினேன். என்ன எதுக்கு எடுத்தாரு?"

நன்றாகத்தான் ஆடினான். ஆசானாக இருந்தால் எடுத்திருக்க மாட்டார். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

களத்தில் பத்து நிமிடம் மீதம் இருந்தது. எதிரணி மறுபடி பந்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

ஆசான் அவன் கையிலிருந்த பனியனை வாங்கினார். மணலைத் தட்டினார். அவன் தோளில் போட்டார்.

"எனக்குத் தெரியாது மக்கா. என்னையும் எடுத்தாச்சு" என்றார். "நீ அந்தப் பக்கம் நில்லு. நான் இங்கன நிக்கேன்."