நடுப்பள்ளத்தில் கேட்ட குரல்

வறண்ட கண்மாய் ஒன்றின் கரையில் வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. யாருக்கு எந்தப் புதரடியில் இடம் என்று முடிவு செய்வது பூவாயி என்ற வெள்ளெலி. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. கரையிலோ கால் வைக்க இடமில்லை!

அந்தச் சமயம் பார்த்துப் பெருங்காட்டில் தீப்பிடித்தது. அங்கிருந்த வெள்ளெலிகளும் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. காட்டுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் சேர்த்து இடம் பிரித்துக் கொடுக்கும் பெரிய அதிகாரி ஒரு நரி. அதுவும் பின்னாலேயே வந்தது.

"ஒரு புதருக்குப் பத்து வளை போடுங்க!" என்றது நரி.

"பத்தா? கரை இடிஞ்சு விழுந்துரும் அண்ணாச்சி! மூணுதான் தாங்கும்!" என்றது பூவாயி.

"சரி, எட்டு!"

"மூணு!"

நரி அலுத்துப்போய்த் திரும்பிப் பார்த்தது. கண்மாயின் நடுப்பள்ளம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. புல் இல்லை, பூச்சி இல்லை.

"அம்புட்டு இடமும் சும்மாதானே தாயி கிடக்கு?" என்றது நரி.

பூவாயிக்குச் சட்டென்று ஆசை வந்துவிட்டது. தன் குட்டிகளுக்கு விசாலமாக ஒரு வளை! கண்மாயில் தண்ணீர் நின்றதைக் கண்ட வெள்ளெலி ஒன்றுகூட அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் வெள்ளெலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது இடத்தில் நகம் வைக்கும் முன், மண்ணைப் பார்த்து "ஆள் இருக்கா?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் தோண்டலாம்.

நல்ல உச்சிவேளையில் இரண்டும் பள்ளத்தில் இறங்கின. காற்று நின்றுபோயிருந்தது. பூவாயி மண்வெடிப்பில் வாயை வைத்து, "ஆள் இருக்கா?" என்றது.

கீழே எங்கிருந்தோ, தூக்கத்தில் முனகுவது போலப் பதில் வந்தது.

"இருக்கு..."

ஒரு குரல் அல்ல, ஓராயிரம் குரல்! பூவாயி துள்ளிப் பின்வாங்கியது. "அண்ணாச்சி! பதில் வருது!"

"அட, எதிரொலி தாயி! நீ கேட்டதுதான் திரும்பி வருது!"

"நான் 'இருக்கா'ன்னுல்ல கேட்டேன்? அது 'இருக்கு'ங்குதே!"

"அம்புட்டு ஆழத்துக்குப் போயிட்டு வர்ற சத்தம் கொஞ்சம் தேஞ்சுதான் வரும்!"

இது சுத்தப் பிதற்றல் என்று பூவாயிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு வளை வேண்டியிருந்தது. கரைக்குப் போய், "நடுப்பள்ளத்துல யாருமே இல்ல! சத்தம் ஏதும் கேட்டா பயப்படாதீங்க, வெறும் எதிரொலி!" என்று எல்லோரிடமும் சொன்னது. பூவாயி சொன்னால் மறுபேச்சு ஏது? பாதிக் கூட்டம் பள்ளத்துக்குக் குடிபோனது. காரியம் முடிந்தது என்று நரி நடையைக் கட்டியது.

புது வளையில் குட்டிகள் பிறந்தன. அந்தக் கோடையிலும் வளையின் சுவர் சில்லென்றிருந்தது. அதில் காதை வைத்தால் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அடுத்த வளையில் இருந்த சீனியம்மா பயந்து அலறும்போதெல்லாம், "எதிரொலிதான் அக்கா! பேசாமப் படுங்க!" என்று பூவாயிதான் சமாதானம் சொன்னது. சொல்லிவிட்டுத் தன் காதைச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டது.

ஒருநாள் பிற்பகலில் வெளியே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்த பூவாயி தலையைத் தூக்கியது. எதிர்ச் சுவரில் ஒரு கண் திறந்தது!

மண்ணோடு மண்ணாக ஒரு தவளை. "இருக்குன்னு சொன்னோமே... காதுல விழலியா?" என்று கேட்டது.

பூவாயி குட்டிகளை அணைத்துக்கொண்டது. "நீங்க... எத்தனை பேரு?"

"பள்ளம் பூரா நாங்கதான். தண்ணி வத்தின அன்னைக்குத் தூங்கப் போனோம்."

"அந்தத் தண்ணி எப்போ திரும்ப வரும்?"

"அது வர்ற நாள்லதான் நாங்க கண்ணையே தெறப்போம்!"

பூவாயி குட்டிகளைக் கவ்விக் கவ்விக் கரையில் சேர்த்தது. உடனே பள்ளத்துக்கு ஓடிவந்து வளைவாசல்தோறும் கத்தியது. "வெளிய வாங்க! கீழ ஆள் இருக்கு! தண்ணி வருது!"

சில வளைகளிலிருந்து சில எலிகள் எட்டிப் பார்த்து ஓட்டமெடுத்தன. சீனியம்மாவோ உள்ளே இருந்தபடியே, "எதிரொலின்னு நீதானேடி சொன்ன? பிள்ளைங்க தூங்குது, போ!" என்றது.

"ஐயோ, நான் சொன்னது பொய் அக்கா!" என்று பூவாயி கதறியது. அந்தக் கதறலும் வளைக்குள் போகும்போது தேய்ந்துதான் போயிற்று. அதற்குமேல் யாரும் வெளியே வரவில்லை.

பள்ளமெங்கும் மண் பிளந்தது. தவளைகள் மேலே வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் மேற்கே பார்த்து உட்கார்ந்தன. அந்தப் பக்கமிருந்து செம்மண் தண்ணீர் மெல்லப் பரவி வந்து வளைகளுக்குள் இறங்கியது.

அன்று சாயங்காலம் கரையில் இடத்துக்காக யாரும் சண்டை போடவில்லை. புதருக்கு மூன்று வளை போட்ட பிறகும் புதர்கள் மிச்சமிருந்தன.

வந்த பதிலைத் தன் ஆசைக்காக மறைத்துச் சொன்னால், தன்னை நம்பியவர்களே அதற்குப் பலியாவார்கள்.