இருவர் படகில் ஒருவர் தூங்க வேண்டும்

தங்கபுஷ்பத்துக்கு வயது நாற்பத்தொன்பது. அவளுக்குக் கடலைக் கற்றுக்கொடுத்த குருவுக்கு முப்பத்திரண்டு. குருவின் பெயர் ஜெனோவா. தூத்துக்குடியில் பாய்ப்படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த தங்கபுஷ்பமும் அப்படித்தான்.

அந்தப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாகச் சமையல் தங்கபுஷ்பம். அடுப்படி ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது. எட்டு வருஷம் அந்த ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் தலையெடுத்து ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கும் சொல்லித் தாங்க டீச்சர்."

டீச்சர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தார். சுக்கான் பிடிக்கவும், பாயை ஏற்றி இறக்கவும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கன்னத்தால் அறியவும் அவளுக்கு வந்துவிட்டது.

அந்த மாசியில் மாலத்தீவு வரைக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். சின்னப் படகுகள். படகுக்கு இரண்டே பேர். எஞ்சினைத் தொடக்கூடாது, பாய் மட்டும்தான். நாலு நாள் கடல். டீச்சரோடு போக வேண்டிய கூட்டாளிக்குக் கடைசி வாரத்தில் அம்மை போட்டுவிட்டது. பழைய மாணவர்கள் ஆறு பேர் நான் வாரேன், நான் வாரேன் என்று வாசலில் நிற்க, டீச்சர் நேரே அடுப்படிக்கு வந்தார்.

"அக்கா, வாரியளா?"

தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "நானா? வெளிய நிக்கவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுக்கிட்டே நிக்கட்டும். நீங்க அடுப்பை அணைச்சுட்டு வாங்க."

இருவர் படகுக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று மணி நேரம் ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் தூங்க வேண்டும். பிறகு முறை மாறும். இரவானாலும் பகலானாலும் அப்படித்தான். புறப்படும்போதே டீச்சர் சொல்லியிருந்தார்.

"ஓட்டுதது மட்டும் வேலை இல்லக்கா. தூங்குததும் வேலைதான். முறை வந்தா தூங்கிறணும்."

"இது ஒரு கஷ்டமா டீச்சர்!" என்று தங்கபுஷ்பம் சிரித்தாள்.

அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

படகின் உள்ளே ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை. அதில் படுத்தாள். கயிறு முனகினால் தலையைத் தூக்கினாள். தண்ணீர் சத்தம் மாறினால் தலையைத் தூக்கினாள். சத்தமே இல்லாவிட்டால் எழுந்தே உட்கார்ந்தாள்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணும் இல்லக்கா. தூங்குங்க."

அவள் என்ன செய்வாள்? நடு மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர். ராத்திரி ஒரு குரல் கொடுத்தால் வர ஆள் கிடையாது. ஏழு வருஷம் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே படுத்தாள். ஆண்டவர் கிருபையால் மகனுக்குச் சரியாகிவிட்டது. கோயம்புத்தூரில் மில் வேலை, கல்யாணமும் முடிந்தது. இவள் கைதான் இன்னும் படுக்கையில் அவன் நெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் அவளுடைய இரண்டு தூக்க முறைகளும் அப்படியே கழிந்தன. அன்றிரவு டீச்சரின் தூக்க முறை மூன்று மணிக்கு முடிந்தது. எழுப்பப் போனவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். டீச்சர் வாயைத் திறந்துகொண்டு, கைக்குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், பிள்ளை இன்னும் கொஞ்சம் கண்ணசரட்டும் என்று விட்டுவிட்டாள். நாலு மணியாயிற்று. ஐந்தும் ஆயிற்று.

விடியும்போது அவள் கண் செருகிவிட்டது. சுக்கான் ஒரு சாண் விலகியிருக்கும். பின்னாலிருந்து வந்த காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது. பெரிய பாய், அதைத் தாங்கும் அடிக்கட்டையோடு, அவள் தலைக்கு மேலே பாய்ந்து மறுபக்கம் அறைந்து விழுந்தது. படகு முழுக்க அதிர்ந்தது. அரை முழம் தாழ்ந்திருந்தால் அவள் தலை போயிருக்கும்.

டீச்சர் வெளியே வந்தார். வெளுத்த வானத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பாயில் இரண்டு சாண் நீளத்துக்குக் கிழிசல். பாயை இறக்கி, ஊசி நூலை எடுத்தார். இரண்டு பேருமாகத் தைத்து முடிப்பதற்குள் நாலு படகுகள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டன. ஒன்பது படகில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர்கள் ஏழாவதாக ஆனார்கள்.

தங்கபுஷ்பத்துக்குத் தாங்கவில்லை. "பாவமேன்னுதான் எழுப்பல டீச்சர். மனுஷிக்கு மனுஷி இரக்கப்படுதது ஒரு தப்பா?"

டீச்சர் ஊசி நூலைச் சுருட்டி வைத்தார். "பசிக்குக்கா. கஞ்சி இருக்கா?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் இருந்த கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தாள். டீச்சர் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். கீழே வைத்தார். இன்னொரு டம்ளரையும் எடுத்தார்.

"டீச்சர், அது எனக்கு!"

டீச்சர் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். "உங்களுக்காகத்தான் குடிச்சேன். பாவம், ராத்திரி பூரா முழிச்சு அலுத்துப்போய் இருக்கிய. குடிக்க சிரமம் வேற எதுக்கு?" என்று வாயைத் துடைத்தார். "வயிறு நிறைஞ்சுதாக்கா?"

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அக்கா, வடக்கே பாருங்க. கோடு மாதிரி தெரியுதுல்லா, அதான் குமரிக் கரை. சாயங்காலம் வரைக்கும் திரும்பிப் போக முடியும். அதுக்கு மேல போயிட்டா, இந்த வாடைக் காத்து நம்மளைத் திரும்ப விடாது. அஞ்சு மணிக்குள்ள நீங்க ஒரு தடவை தூங்கி எந்திரிக்கணும். இல்லன்னா படகைத் திருப்பிருவேன்."

"அப்ப பந்தயம்?"

"விட்டுருவோம். தூங்காத ஆளைக் கூட்டிக்கிட்டு இன்னும் மூணு நாள் நடுக்கடல்ல போறதுக்குப் பேரு பந்தயம் இல்லக்கா."

தங்கபுஷ்பம் வடக்கே தெரிந்த கோட்டைப் பார்த்தாள். திரும்பினால் அந்த ஜன்னல்தான். பெரிய கடலுக்கு இனி அவளை யார் ஏற்றுவார்கள்? டீச்சர்தான் எந்த முகத்தோடு ஏற்றுவார்?

எட்டு மணிக்குப் போய்ப் படுத்தாள். தூங்கு என்று சொன்னால் தூக்கம் வந்துவிடுமா? கண்ணை இறுக்கி மூடினாள். மூச்சை நீட்டி நீட்டி விட்டாள். கடைசியில் மெல்ல ஒரு குறட்டையும் விட்டுப் பார்த்தாள்.

"குறட்டை நல்லாத்தான் இருக்கு," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "உதடுதான் ஜெபம் பண்ணுது."

அவள் கண்ணைத் திறந்தாள். "படகை ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

"கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

"பிறகு, அவரு ஒழுங்காப் பாக்காரான்னு நீங்க எதுக்குக் காவல் இருக்கிய?"

அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பதினொன்றுக்கு எழுந்து வந்தபோது கண் இரண்டும் மிளகாய் வைத்தது மாதிரி இருந்தது.

அதற்குள் குமரி முனைக் காற்று நன்றாக ஏறிவிட்டது. பின்னாலிருந்து வந்த அலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. டீச்சர் அவள் இடுப்பில் காப்புக் கயிற்றை மாட்டினார். சுக்கானைக் கையில் கொடுத்தார்.

"நான் தூங்கப் போறேன்க்கா."

"இந்தக் காத்திலயா? விடியக்காலம் பாயைக் கிழிச்சவ கையில கொடுத்துட்டா?"

"உங்க முறைதான?"

"மறுபடியும் எனக்குக் கண்ணு செருகினா?"

"கூப்பிடுங்க."

அவ்வளவுதான். டீச்சர் உள்ளே போனார், படுத்தார், தூங்கிவிட்டார்.

தங்கபுஷ்பம் பாயையும் பார்த்தாள், திசைகாட்டியையும் பார்த்தாள், உள்ளே அந்த முகத்தையும் பார்த்தாள். பெற்ற பிள்ளைகளும் அவளை நம்பித் தூங்கியவர்கள்தான். ஆனால் அம்மாவுக்கும் கண் செருகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் இப்படித் தூங்குகிறாளே என்று இருந்தது.

ஒரு மணி நேரம் ஓட்டினாள். அலை தாலாட்டுகிற மாதிரியே வந்தது. இமை கனத்தது. கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். கோயில் பாட்டு ஒன்றைச் சத்தமில்லாமல் பாடினாள். தொடையைக் கிள்ளினாள். இன்னும் இரண்டு மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், பிள்ளை தூங்கட்டும் என்று மனசு சொன்னது. திசைகாட்டி முள் விலகியது. பாயின் ஓரம் லேசாகப் படபடத்தது. திடுக்கிட்டுச் சுக்கானை நேராக்கினாள்.

கூப்பிட வாய் வரவில்லை. யாரையும் கூப்பிட்டுப் பழகாத நாக்கு.

"டீச்சர்."

காற்றில் அது அவளுக்கே கேட்கவில்லை. பாய் மறுபடி படபடத்தது.

"டீச்சர்!"

அடுத்த மூச்சு விடுவதற்குள் டீச்சர் பக்கத்தில் இருந்தார். சுக்கானில் அவர் கை விழுந்தது. அதற்குள் ஏன் எழுப்பினீங்க என்ற கேள்வி அவர் முகத்தில் இல்லை.

"முடியல டீச்சர்."

"சரிக்கா. போய்ப் படுங்க."

"உங்க தூக்கம் பாதிகூட ஆகலையே..."

"போய்ப் படுங்கங்கேன்."

படுத்தாள். ஜெபத்தை ஆரம்பித்தாள். ஆண்டவரே என்று சொன்னது வரைக்கும்தான் நினைவு.

யாரோ காலைத் தொட்டு ஆட்டினார்கள். "அக்கா, மணி அஞ்சாகப் போகுது."

தங்கபுஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு கணம் தெரியவில்லை. கன்னத்தில் போர்வையின் சுருக்கம் பதிந்திருந்தது. திடீரென்று ஞாபகம் வந்து வெளியே பாய்ந்தாள். முதலில் திசைகாட்டியைத்தான் பார்த்தாள்.

படகு தென்மேற்கைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. வடக்கே கரை இல்லை. நாலு பக்கமும் தண்ணீர்தான். படகைத் திருப்பவில்லை.

"கடவுளே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. தலையில் இருந்த குடத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி கழுத்து அங்கும் இங்கும் லேசாகத் திரும்பியது. அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். பெரிய பாய் பாதியாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. படகெல்லாம் ஈரம். டீச்சர் தலை முதல் கால் வரை நனைந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

"என்ன டீச்சர் இது கோலம்?"

"மழை அடிச்சுது. காத்தும் ஒரு சுத்துச் சுத்துச்சு. பாயைச் சுருக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஒரு சரக்குக் கப்பல், மலை மாதிரி. சங்கு ஊதிக்கிட்டே பக்கத்துல போச்சு."

"கப்பல் சங்கா? எனக்குக் கேக்கவே இல்லையே!"

"எப்படிக் கேக்கும்? உங்க சத்தத்துல கப்பல்காரனுக்கே அவன் சங்கு கேட்டிருக்காது."

தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. மழை, காற்று, கப்பல். இந்தப் பெண் தனியாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் கட்டை மாதிரி கிடந்திருக்கிறேன்.

"இவ்வளவு நடந்திருக்கே டீச்சர். என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

டீச்சர் சுக்கானை அவள் கையில் கொடுத்தார். சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே படுக்கப் போனவர், குனிந்து உள்ளே நுழையுமுன் திரும்பினார்.

"வேணும்னா கூப்பிட்டிருப்பேன்க்கா. நீங்க கூப்பிடலையா?"