ஆவுடை டீச்சர் தலைமுழுகிய கதை

“சாமி, என் பிள்ளையத் தலைமுழுகிட்டேன். ஆனா மனசவிட்டுப் போக மாட்டேங்கான்” என்றார் ஆவுடையம்மாள்.

பூவநாதசாமி அடி கரிந்த அண்டாவை அவர் பக்கம் தள்ளி, தேங்காய் நாரைக் கையில் கொடுத்தார்.

அந்த மலையடிவார மடத்தில் அதுதான் வழக்கம். கேள்வி கேட்க வருகிறவர் கையில் ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்கிற கேள்வி நீண்டுகொண்டே போகும் என்று சாமிக்கு ஒரு பயம். ஊர்க்காரர்கள் இதைச் சாமியின் ஞானம் என்பார்கள். மடத்துச் சமையல்காரர் மட்டும் சாமியின் சாமர்த்தியம் என்பார்.

ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சாமியைவிட இருபது வயதாவது மூத்தவர். சாமியோ பன்னிரண்டாம் வகுப்பில் அதே வேதியியலில் தவறி, மறுபடி எழுதி, மறுபடியும் தவறியவர். இதில் யாருக்கு யார் குரு என்று கேட்டால் இரண்டு பேருமே முழிப்பார்கள்.

டீச்சர் தேய்த்தார். கரி போகவில்லை.

“என்ன செஞ்சான்?” என்று கேட்டார் சாமி.

“குடிக்கான்.”

“ஊரே குடிக்குது.”

“இவன் என் பிள்ளை சாமி.”

சாமி தலையாட்டினார்.

“அந்தச் சாராயத்துல ரெண்டே ரெண்டு கார்பன். ஒரு ஆக்ஸிஜன், மிச்சம் ஹைட்ரஜன். பரீட்சைல ஒரு மார்க் கேள்வி. அது என் வீட்டையே தின்னுட்டு.”

டீச்சர் நாரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

“நான் கிளம்புன அன்னைக்கு வாசல்ல கிடந்தான். அவனத் தாண்டித்தான் வந்தேன். பெத்த பிள்ளையத் தாண்டலாமா? தாண்டிட்டேன். அலுத்துப் போச்சு சாமி. அழக்கூடத் தெம்பு இல்ல.”

அது உண்மைதான். நார் பிடித்த கையைத் தூக்குவதற்கே அவருக்குப் பாரமாக இருந்தது.

மடத்துக்கு வந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் ஓடைக்குப் போவார். சாவு வீட்டுத் துஷ்டிக்குப் போய்வந்து முழுகுவதுபோலக் கட்டிய சேலையோடு முங்குவார். “விட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்வார். கரையேறும்போதே, மகன் கந்தவேல் சாப்பிட்டிருப்பானா என்று மனசு கேட்கும். தன்மேலேயே வெறுப்பாக வரும். மறுநாளும் போவார்.

“இந்தச் சாராயக் கணக்கு எனக்கு ஏறாது டீச்சர்” என்றார் சாமி. “நம்ம உடம்பு எப்படிப் பிரியாம சேர்ந்து நிக்குது? அதச் சொல்லுங்க. நான் பெயிலானது அந்தப் பாடத்துலதான்.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் பாடம் என்றதும் குரல் தானாக நிமிர்ந்தது.

“ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்ஸிஜனுக்கு ரெண்டு. கார்பனுக்கு நாலு கை சாமி. நாலையும் எதுலயாவது பிடிச்சாத்தான் அதுக்கு நிம்மதி. வேற ஆள் கிடைச்சா அதப் பிடிக்கும். இன்னொரு கார்பன் கிடைச்சா அதையும் பிடிக்கும். அப்படித்தான் சங்கிலியா நீளுது. சோத்துல இருக்க மாவுச்சத்து சர்க்கரைச் சங்கிலி. சதையில இருக்க புரதம் அமினோ அமிலச் சங்கிலி.”

“ஒரு கண்ணியோட இன்னொரு கண்ணி சும்மாவே சேர்ந்துக்கிடுமா?”

“சும்மா சேராது. இது கொஞ்சம் விடணும், அது கொஞ்சம் விடணும். விட்டது ரெண்டும் சேர்ந்து தண்ணியா வெளிய போயிரும். கண்ணிக்குக் கண்ணி ஒரு தண்ணி போகும்.”

“மரம், வேர். சேர்ந்தா மரவேர். நடுவுல ‘ம்’ போயிருது. தமிழ் ஐயா சொன்னதுல அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு.”

“அதே கதைதான் சாமி.”

“நீங்களும் உங்க பிள்ளையும் சேர்ந்தப்ப எது போச்சு?”

டீச்சர் யோசிக்கவே இல்லை. “தூக்கம்” என்றார்.

“திரும்பி வந்துச்சா?”

“எங்க வந்துச்சு!”

சாமி அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

“சரி, சேர்ந்தத எப்படிப் பிரிக்க?”

“போன தண்ணியத் திருப்பிக் கொடுத்தாப் பிரியும். அதுக்குப் பேரே நீராற்பகுப்பு.”

“நல்ல பேரு. அதான் தலைமுழுகுறது, கைகழுவுறது, தண்ணி தெளிச்சு விடுறதுன்னு நம்மாளு எத விடணும்னாலும் தண்ணியத் தூக்கிட்டு வாரான்.”

டீச்சரின் முகத்தில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. “அப்ப நான் செய்யிறது சரிதான சாமி? கொஞ்ச நாள்ல விட்டுப் போயிரும்லா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்க தினம் ஓடையில முங்குறீங்க. நானும் முங்குறேன். தண்ணி பட்டாப் பிரியும்னா, நம்ம ரெண்டு பேரு சதையும் கண்ணி கண்ணியாக் கழண்டு ஓடையோட போயிருக்கணும்லா?”

வருடா வருடம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கிற கேள்வி அது. டீச்சர் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டார்.

“வெறும் தண்ணி மட்டும் போதாது சாமி. வயித்துல நொதி இருக்கு, அது வெட்டி விடும். அதனாலதான் தின்னது செரிக்குது. நொதி இல்லாம சும்மா தண்ணியில கிடந்தா, புரதத்துல ஒரு கண்ணி விட்டுப் போக...”

நிறுத்தினார்.

“விட்டுப் போக?”

“பல நூறு வருஷம் ஆகும்.”

சாமி எழுந்து வேட்டியை உதறினார்.

“அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. நிதானமா முங்குங்க.”

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. கையெல்லாம் கரி, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. சாமி அவரைப் பார்க்காமல் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுகை ஓய நேரமாயிற்று.

“நான் திரும்பிப் போனாலும் அவன் குடிப்பான் சாமி.”

“குடிப்பான்.”

“மறுபடியும் வாசல்ல கிடப்பான்.”

“கிடப்பான்” என்றார் சாமி.

கயிற்றில் கிடந்த சேலை இன்னும் காயவில்லை. ஆவுடையம்மாள் அதை அப்படியே ஈரத்தோடு மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பஸ் எப்போது என்று கேட்டார்.