பாக்கெட்டுக்குள் ஒரு கை

துறையூர்ப் பக்கம் கல்யாண வரவேற்பு என்றால் இடிமுரசு இன்னிசைக் குழுவைக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிட மாட்டார்கள், அது வேறு விஷயம். தலைவர் அங்கமுத்து பாடுவார். பொன்னுரங்கம் டிரம்ஸ் அடிப்பான். கிடார் நம்ம தணிகைவேல்.

அன்றைக்கும் ஒரு வரவேற்பு; தணிகைவேலுக்கு அது வாழ்வா சாவா என்கிற மேடை. செண்பகத்தைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சோறு தின்னாமல் அடம்பிடித்தவன் அவன். செண்பகத்தின் அப்பா நல்லசிவமோ, "தம்பி வாசிக்கிறதை நேரில் பார்த்துட்டுத்தான் பதில் சொல்வேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, அந்த வரவேற்புக்கே வருவதாக இருந்தார்.

பார்த்தால், கிடார் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கம்பியை எப்படித் தட்டினாலும் சத்தமே வரவில்லை.

"போச்சுண்ணே, என் கல்யாணமே போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அங்கமுத்து ரேடியோ மெக்கானிக் மரியதாசுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மெக்கானிக் பஸ்ஸில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

"உள்ளே சின்ன போர்டுக்குக் கரண்டு குடுக்கிற பவர் சப்ளை படுத்திருக்கும். என் பை அங்கேதானே கிடக்கு? மீட்டரை எடுத்துக்குங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டுங்க. உள்ளே மிச்சக் கரண்டு நிக்கும், அது இறங்குற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் எதைத் தொட்டாலும் ஒரு கை பாக்கெட்டுக்குள்ளதான் இருக்கணும். ரெண்டு கையையும் வெச்சா கரண்டு நெஞ்சு வழியா ஓடிடும். ஆள் காலி!"

சொன்ன பேச்சைக் கேட்பதில் இடிமுரசுக் குழுவை மிஞ்ச இந்தச் சீமையிலேயே ஆள் கிடையாது.

பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழட்டினார்கள். மிச்சக் கரண்டு எப்படி இறங்கும்?

"வந்த வழியாத்தான் போகும்," என்றார் அங்கமுத்து.

ஆம்ப்ளிஃபயரை நாற்காலிமேல் ஏற்றி, ஒயரைத் தொங்கவிட்டு, பிளக்குக்கு அடியில் பாயச வாளியை வைத்துக் காத்திருந்தார்கள். வாளியில் ஒரு சொட்டும் விழவில்லை.

"மிச்சமே இல்லைண்ணே," என்றான் பொன்னுரங்கம். "சரியான கஞ்ச மிஷினு."

அடுத்தது பாக்கெட். அங்கமுத்துவும் பொன்னுரங்கமும் பட்டு வேட்டி. மினுமினுக்கும் மேடைச் சட்டையில் தையல்காரர் பாக்கெட் வைக்கவில்லை. பாக்கெட் உள்ள ஒரே பிராணி பேண்ட் போட்ட தணிகைவேல்.

"மெக்கானிக் யார் பாக்கெட்டுன்னு சொன்னாரா?" என்றார் அங்கமுத்து.

"சொல்லலியே!"

ஆளுக்கொரு பக்கமாகத் தணிகைவேலின் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டார்கள். பாவம், அவன் தன் கையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டான். மூன்று பேரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நாற்காலியை நெருங்கினார்கள்.

"இப்போ பிளக்கை மாட்டி அளந்து பாருங்க," என்றது போன். "ஒரு பக்கம் பிளஸ் பதினஞ்சு வோல்ட்டு, இன்னொரு பக்கம் மைனஸ் பதினஞ்சு காட்டணும். ரெண்டும் சமமா இருக்கணும். அதுதான் முக்கியம்!" அத்தோடு லைன் போய்விட்டது.

அளந்தார்கள். ஒரு பக்கம் பதினைந்து. இன்னொரு பக்கம் ஆறு.

"இன்னும் ஒன்பது வேணுமே, இந்நேரத்துல எங்கே போறது?" என்று கவலைப்பட்டார் அங்கமுத்து.

"எதுக்குண்ணே அலையணும்?" என்றான் பொன்னுரங்கம். "பதினஞ்சைக் குறைச்சுட்டாலும் சமம்தானே?"

அங்கமுத்து அவனைப் பெருமையோடு பார்த்தார்.

"நல்லா இருக்கிற பக்கத்தைக் கெடுக்கணுமாண்ணே?" என்றான் தணிகைவேல்.

"குடும்பம் நடத்தப் போறவன், விட்டுக்கொடுக்கக் கத்துக்கடா!"

பொன்னுரங்கம் ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினான். டப்! புகை கிளம்பியது. சிவப்பு விளக்கும் அணைந்தது. மறுபடி அளந்தார்கள். இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். மூன்று பேரும் ஒற்றைக் கையால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் திரும்பக் கூப்பிட்டார். "சமமா இருக்கா?"

"எள்ளளவும் வித்தியாசம் இல்லீங்க!"

"சபாஷ்! பையில ஒரு பல்பு போர்டு இருக்கும், அதில பிளக்கை மாட்டிப் பாருங்க. பல்பு பளீர்னு எரிஞ்சா உள்ளே கோளாறு. மங்கலா இருந்தா பயமில்லை."

"அப்படி ஒரு மங்கலுங்க, எரியுதான்னே தெரியலை!"

"அப்போ ஆம்ப்ளிஃபயர் தங்கம். தைரியமா வாசிங்க!"

மேடை ஏறினார்கள். முன்வரிசையில் நல்லசிவம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "அடுத்து நம்ம தணிகைவேல் தனியாக ஒரு பாட்டு வாசிப்பார்" என்று அங்கமுத்து மைக்கில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

தணிகைவேல் வாசித்தான். கம்பி அதிர்ந்தது, விரல் பறந்தது, வியர்வை கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. செண்பகம் கைவிட்டுப் போகிறாள் என்று கண்ணில் நீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை வாசித்து முடித்தான்.

நல்லசிவம் எழுந்து நேராக மேடைக்கு வந்தார். தணிகைவேல் கிடாருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான்.

"பாட்டுக்காரப் பையனாச்சே, வீட்டை ரெண்டாக்கிடுவானோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்," என்றார் அவர். "முழுப் பாட்டு வாசிச்சிருக்கான், பக்கத்துல தூங்கின குழந்தை புரண்டுகூடப் படுக்கலை! இப்படி ஒரு அடக்கமான மாப்பிள்ளை எனக்கு எங்கே கிடைப்பான்? தேதியைக் குறிங்கய்யா!"

முகூர்த்தத்தன்று மணமேடையைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். கரண்டு ஓடுகிற இடம், விளையாட்டா? ஒரு கை பாக்கெட்டில் என்கிற சட்டம் இதற்குள் பெண் வீட்டுக்கும் தெரிந்திருந்தது. பட்டு வேட்டியில் பாக்கெட் இல்லாத தணிகைவேல், இடது கையை மாமனாரின் சட்டைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் தாலிக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தான். ஒற்றைக் கையால் முடிச்சு எப்படி விழும்? மறுமுனையைச் செண்பகமே பிடித்து இழுத்தாள். அவளுடைய இன்னொரு கை அப்பாவின் அடுத்த பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. கை நிறைய அட்சதையோடு நடுவில் நின்ற நல்லசிவம் அப்போதுதான் பல்புகளைப் பார்த்து அலறினார்:

"யோவ், யாராவது எனக்கு ஒரு பாக்கெட் குடுங்கய்யா!"