பேரி மரம் போட்ட பச்சைச் சட்டை

ஒரு மலையூர். கோத்தகிரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே செலின் என்பவருடைய வீட்டுச் சரிவில் ஒரு பேரி மரம் நின்றது. மண் சரியாமல் இருக்கட்டும் என்று அதன் காலடியில் ஒரு படர்கொடியை நட்டுவைத்தார் செலின். எந்தப் பனிக்கும் இலை உதிராத கொடி அது.

மார்கழி வந்தது. பேரி மரம் வழக்கம்போல இலை கொட்டி மொட்டையாக நின்றது. கொடியோ பச்சைப்பசேல் என்று மினுக்கியது.

"என்ன அண்ணே, இந்தக் குளிர்ல மேலுக்கு ஒரு சட்டைகூட இல்லாம!" என்றது கொடி. "பார்க்கவே பாவமா இருக்கு. ஒரு ஓரமா ஏறிக்கட்டுமா? உங்களுக்கும் ஒரு மறைப்பு ஆச்சு."

"ஏறிக்கோ, நீ என்ன பெரிய பாரமா?" என்றது மரம்.

முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. சில குளிர்காலம் போவதற்குள் கழுத்தையே சுற்றிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று, "அடேயப்பா, பனியிலகூட எப்படித் தழைச்சிருக்கு இந்த மரம்!" என்றார்கள். மரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அது தன் இலை இல்லை என்று மூச்சு விடுமா? புகழ்ச்சி அப்படி இனித்தது!

மாசியில் பூக்கும் நேரம். மரம் அரும்பைத் தள்ளிப் பார்த்தது. எங்கும் ஒரே இருட்டு.

"தம்பி, கொஞ்சம் நகரு. வெயில் இல்லாம நான் எப்படிப் பூக்கிறது?"

"நானும்தான் பூக்கணும் அண்ணே. தரையில கிடந்த வரைக்கும் எனக்கு ஒரு பூ உண்டா, காய் உண்டா? ஏறினாத்தான் பிழைப்பு. என் விதையைக் குருவிங்க அடுத்த தோட்டத்துலயும் போட்டாச்சு!"

"அடப்பாவி! மறைப்புக்குன்னுதானே வந்தே?"

"மறைச்சுட்டேனே!"

இப்படியே இன்னொரு வருஷம் போனால் உயிர் மிஞ்சாது என்று மரத்துக்கே தெரிந்துவிட்டது.

நல்லவேளையாக, அந்த வாரமே செலினின் கணவர் அருளப்பன் அரிவாளோடு வந்தார். "வாங்க சாமி, இதை வெட்டி எறிங்க!" என்று மரம் துடித்தது.

அருளப்பன் அண்ணாந்து பார்த்தார். "செலின், இந்த வருஷம் ஒரு பூவைக்கூடக் காணோம். பேரியை வெட்டிடலாமா?"

"ஐயையோ, வேண்டாங்க!" என்று ஓடி வந்தார் செலின்.

மரம் உருகிப்போனது. நம்மை நினைக்கவும் ஒருத்தர் இருக்கிறாரே!

செலின் கொடியின் இலைகளை ஆசையாகத் தடவிக்கொடுத்தார். "மரத்தை எடுத்துட்டா இந்தக் கொடி எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? பட்டுப்போனாலும் பரவாயில்லை, கம்பா இருந்துட்டுப் போகட்டும், விடுங்க."